ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நமது நன்னீர் வளமும்

(மீன்வளத் துறையில் புதிதாகப் பணியேற்ற அலுவலர்களும் விலங்கியல் மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



உள்நாட்டு மீன்வளம் பற்றிப் பேச வருகிறவர்கள் உற்பத்திப் புள்ளிவிவரங்களோடு தொடங்குவது வழக்கம். அவை பெருமைப்படத் தக்கவை என்பதில் ஐயமில்லை. 1957-ஆம் ஆண்டு ஒரிசாவிலுள்ள அங்குல் என்னுமிடத்தில் டாக்டர் ஹீராலால் சௌத்ரி, சுரப்பிநீர் ஊசியின் மூலம் கெண்டை இனங்களை முட்டையிடச் செய்தார். அதற்கு முன்பெல்லாம் ஆற்றிலிருந்து குஞ்சு பிடித்து வந்தால்தான் குளத்தில் கெண்டை வளர்க்க முடியும். 2022-23-ஆம் ஆண்டில் நாட்டின் மீன் உற்பத்தி ஏறத்தாழ 175 இலட்சம் டன். அதில் முக்கால் பங்கு உள்நாட்டு நீர்நிலைகளில் விளைந்தது.

இந்தக் கணக்கில் முறையாகப் பதிவாகாத மீன் ஒன்று நாட்டின் பல மாவட்டங்களில் வளர்கிறது. அதை வளர்ப்பது குற்றம். ஆயினும் வளர்க்கிறார்கள், விற்கிறார்கள், வாங்கி உண்கிறார்கள். பணியேற்ற சில மாதங்களுக்குள்ளேயே அதை அழிக்கும்படி உங்களுக்கு ஓர் உத்தரவு வரக்கூடும். ஆகவே அதைப் பற்றிப் பேசத் துணிந்தேன். அறிவியலில் அதன் பெயர் கிளாரியஸ் கேரிபினஸ். நாம் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்கிறோம். வட மாநிலச் சந்தைகளில் அது ‘தாய்லாந்து மாகுர்’ என்ற பெயரில் உலவுகிறது.

மீனின் இயல்பு

இம்மீனின் தாயகம் ஆப்பிரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதி. மேற்காசியாவில் யோர்தான் முதல் துருக்கியின் தென்பகுதி வரையிலும் இயற்கையாகவே காணப்படுகிறது. செதில் இல்லாத வழுவழுப்பான நீண்ட உடல், தட்டையான எலும்புத்தலை, வாயைச் சுற்றி நான்கு இணை மீசைகள் ஆகியவை இதன் தோற்றம். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமும் 60 கிலோ வரை எடையும் உடைய மீன்கள் பதிவாகியுள்ளன. நம் நாட்டு மாகுரோ அரை மீட்டரைத் தாண்டுவதே அரிது. இந்த ஒரு வேறுபாட்டிலேயே பிரச்சினையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

செவுளுக்கு மேலே மரக்கிளைபோல் விரிந்த துணைச் சுவாச உறுப்பு ஒன்று இதற்கு உண்டு. அதனால் காற்றை நேராகச் சுவாசிக்க முடியும். உயிர்வளி வற்றிய சாக்கடை நீரிலும், கோடையில் எஞ்சும் சேற்றுக் குட்டையிலும் மற்ற மீன்கள் மிதக்கத் தொடங்கிய பின்னும் இது உயிரோடிருக்கும். ஈரமான இரவில் மார்புத்துடுப்பின் முள்ளை ஊன்றித் தரையில் ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்குச் செல்லவும் வல்லது. பூச்சி, நத்தை, தவளை, மீன், நீர்ப்பறவையின் குஞ்சு, விதை, அழுகிய இறைச்சி என்று எதையும் விலக்குவதில்லை. கூட்டமாகச் சேர்ந்து சிறு மீன்களைக் கரையோரம் விரட்டி மடக்கி வேட்டையாடும் பழக்கத்தை ஆப்பிரிக்க ஏரிகளில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மழை வெள்ளத்தில் புதிதாக நீர் பரவிய ஆழமற்ற புல்வெளிகளில் இரவு நேரத்தில் முட்டையிடுகிறது. ஓரிரு நாட்களில் குஞ்சு பொரித்துவிடும். பருவமழை நாட்டில் இதைவிடப் பொருத்தமான இயல்புகளைக் கற்பனை செய்வதே கடினம்.

வந்த வழி

அயல்நாட்டு மீன் என்றாலே தீமை என்று கொள்வதற்கில்லை. நீலகிரி ஓடைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்றார்கள். சாதாக் கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து உதகைக்கு வந்தது. புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் 1959-இல் வந்தன. மக்கள் ஜிலேபி என்று செல்லமாக அழைக்கும் திலேப்பியா 1952-இல் வந்தது. அதனால் பல நீர்நிலைகள் பட்ட பாட்டை மூத்த அலுவலர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இவற்றுள் சில நன்மை தந்தன, சில தொல்லை தந்தன. எனினும் யார் கொண்டுவந்தார்கள், எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பதற்குக் கோப்பில் விடை உண்டு.

ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு அத்தகைய கோப்பு இல்லை. 1980-களின் பிற்பகுதியில் அது தாய்லாந்துக்குச் சென்றது. அங்கே உள்நாட்டுக் கெளுத்தியோடு கலந்து உருவாக்கப்பட்ட கலப்பினம் பெருவாரியாகப் பரவியது. தாய்லாந்திலிருந்து வங்காளதேசம், வங்காளதேசத்திலிருந்து 1990-களின் தொடக்கத்தில் எல்லை தாண்டி மேற்கு வங்கம் என்று அதன் பயணம் தொடர்ந்தது. எந்தக் குழுவும் அதை ஆராயவில்லை. எந்தத் தொற்றொதுக்கக் கூடத்திலும் அது வைக்கப்படவில்லை. நீர் நிரப்பிய பாலித்தீன் பைகளில் குஞ்சுகளாக வந்தது. அவ்வாறே ஆந்திரம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், கேரளம், தமிழகம் என்று சென்று சேர்ந்தது.

வளர்ப்பவர் ஏன் இதை விரும்புகிறார் என்பதை அலுவலர்கள் நேர்மையாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் சட்டத்தை மீறுவதில் இன்பம் காண்பவரல்லர். கட்லாவும் ரோகுவும் விற்பனை அளவை அடைய ஓராண்டு வரை ஆகலாம். நல்ல நீர் வேண்டும். நெருக்கமாக விட்டால் இறந்துபோகும். நாட்டு மாகுர் ஓராண்டில் நூறு, நூற்றைம்பது கிராம்தான் வளரும். ஆப்பிரிக்கக் கெளுத்தியோ ஆறேழு மாதங்களில் ஒரு கிலோ அளவுக்கு வந்துவிடும். சிறு குட்டையிலும் நெருக்கமாக வளரும். காற்றூட்டும் கருவி வேண்டாம். தீவனச் செலவும் பெரிதன்று. கோழிக்கடைக் கழிவும் ஆட்டுத்தொட்டிக் கழிவும் போதும். கால் ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் மட்டும் உடையவருக்கு இதைவிட விரைவாகப் பணம் தரும் மீன் கிடைப்பது கடினம்.

விற்பனைக்கும் ஒரு வசதி உண்டு. வங்காளம், பீகார், அசாம் ஆகிய பகுதிகளில் மாகுர் வெறும் மீனன்று. நோயிலிருந்து எழுந்தவருக்குக் கொடுக்கும் பத்திய உணவு. உயிரோடு விற்பார்கள், விலையும் அதிகம். பீகார் அதைத் தன் மாநில மீனாகக் கொண்டிருக்கிறது. அந்த நற்பெயரின் நிழலில்தான் ‘தாய்லாந்து மாகுர்’ விற்பனையாகிறது. சிறு வயதில் இரண்டையும் பிரித்தறிவது பழகாத கண்ணுக்கு எளிதன்று.

இந்த மீனை உண்டால் கொடிய நோய் வரும் என்று பலர் பிரசாரம் செய்கிறார்கள். நான் அதை ஆதரிப்பதில்லை. கழிவில் வளர்த்த மீன் எதுவாயினும் ஐயத்துக்குரியதே, குற்றம் தீவனத்தினுடையது. நைஜீரியாவில் இதே மீன்தான் பண்ணை மீன்வளத்தின் முதுகெலும்பு. தவறான காரணத்தைச் சொல்லி ஒரு சரியான தடையை ஆதரித்தால், அந்தக் காரணம் பொய்யென்று தெரியும் நாளில் தடையின் மீதும் மக்களுக்கு நம்பிக்கை போய்விடும். தடைக்கு உரிய காரணம் ஆற்றில் இருக்கிறது.

கரையற்ற குளங்கள்

‘என் குளத்தில் வளர்க்கிறேன், ஆற்றில் விடவில்லையே’ என்று பண்ணையாளர் கேட்பார். நியாயமான கேள்விபோல் தோன்றும். ஆனால் பருவமழை நாட்டில் குளத்துக்கும் ஆற்றுக்கும் இடையே ஆண்டு முழுவதும் நிலையான எல்லை கிடையாது. ஐப்பசியில் ஓர் இரவு பெய்தால் கரை உடையும். உடையாவிட்டாலும் கலிங்கு வழியும். கலிங்கில் வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். ஏரிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் கோத்து வைத்தார்கள் நம் முன்னோர். அந்தச் சங்கிலியின் ஏதேனும் ஒரு கண்ணியில் வேட்டை மீன் புகுந்தால், கடைசிக் கண்ணி வரை அதற்குப் பாதை திறந்தே இருக்கிறது.

இதற்கு முன்னுதாரணம் நம்மிடமே உண்டு. 1971-இல் இமாச்சலப் பிரதேசத்தின் தேவ்லி மீன்பண்ணையிலிருந்து வெள்ளிக்கெண்டை தற்செயலாகத் தப்பி, பக்ரா அணையின் கோவிந்த் சாகர் நீர்த்தேக்கத்தில் சேர்ந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. பின்னாளில் அந்த நீர்த்தேக்கத்தின் மீன்பிடிப்பில் பெரும்பங்கு அதுவே ஆயிற்று. கட்லாவின் பங்கு குறைந்தது. வெள்ளிக்கெண்டை மிதவை உயிரிகளை உண்ணும் சாதுவான மீன். அந்த இடத்தில் ஒரு கொன்றுண்ணி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

2018-ஆம் ஆண்டுக் கேரள வெள்ளத்திலும் இதையே கண்டோம். வெள்ளம் வடிந்தபின் சாலக்குடி ஆற்றில் அமேசான் நதிக்குரிய அராபைமா என்னும் பேருருவ மீன் வலையில் சிக்கியது. முதலைபோல் நீண்ட மூக்குடைய அமெரிக்க அலிகேட்டர் கார் மீனும் கிடைத்தது. இவை அனுமதியின்றி எங்கோ தொட்டியிலும் குளத்திலும் வளர்ந்தவை. அலிகேட்டர் கார் 2023-இல் போபாலின் ஏரியிலும் காஷ்மீரின் தால் ஏரியிலும் தலைகாட்டியது. அழகுக்காக வாங்கிய குஞ்சு தொட்டியை மீறி வளர்ந்ததும், கொல்ல மனமின்றி ஏரியில் விட்டுவிடுகிறார்கள். கருணையால் செய்யப்படும் தீங்குகளுள் இதுவும் ஒன்று.

ஆனால் ஆங்காங்கே தலைகாட்டும் இவற்றைவிட, ஓசையின்றி நிலைபெற்றுவிட்ட கெளுத்தியே எனக்கு அதிகக் கவலை தருகிறது. கங்கையிலும் யமுனையிலும் அது பதிவாகியிருக்கிறது. வேம்பநாட்டுக் காயலிலும் பெரியாறு ஏரியிலும் காணப்பட்டிருக்கிறது. பெரியாறு ஏரியின் நீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைப் படுகைக்குத் திருப்பப்படுகிறது என்பதைத் தமிழ் அலுவலர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இது வீண் அச்சம் என்று கருதுவோர் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கலாம். அங்கே ஆரஞ்சு ஆற்றின் நீரைக் கிழக்குக் கேப் பகுதிக்குக் கொண்டுசெல்ல, சுமார் 83 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தை 1975-இல் திறந்தார்கள். நீரோடு இந்தக் கெளுத்தியும் சென்றது. அது முன்பு இல்லாதிருந்த கிரேட் ஃபிஷ் ஆற்றில் நுழைந்து, தன் சொந்த நாட்டிலேயே அயல் இனமாயிற்று. கென்–பெட்வா இணைப்புக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டியிருக்கும் நாம், கால்வாயில் எவ்வளவு நீர் போகும் என்று கணக்கிடும்போதே எந்த மீன் போகும் என்றும் கேட்டாக வேண்டும்.

இழப்பு எப்படிப்பட்டது? முதல் அடி நாட்டு மாகுரின் மீது விழுகிறது. இரண்டும் ஒரே பேரினம். ஒரே வகை நீரில் வாழ்பவை. இரண்டும் இணைந்து கலப்புக் குஞ்சுகளும் பிறக்கின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நாட்டு மாகுரை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டுள்ளது. நெல்வயல் பூச்சிமருந்தும் சதுப்பு நிலங்கள் தூர்ந்துபோனதும் இந்த நிலைக்குக் காரணம் அல்ல என்று சொல்ல முடியாது. பழி முழுவதையும் ஆப்பிரிக்க மீனின் தலையில் சுமத்துவது அறிவியலாகாது. ஏற்கனவே தளர்ந்த இனத்தின் மீது ஒரு வலிய போட்டியாளரைக் கொண்டுவந்து விட்டோம் என்பதே உண்மை. விரால், குரவை, சிறு கெண்டை வகைகள், தவளைகள் எல்லாம் அதற்கு இரையே. ஆற்றிலும் ஏரியிலும் சிறு வலை வீசி அன்றாடம் பிழைப்பவரின் கூடையில் இருப்பவை இந்தச் சிறு மீன்கள்தாம். ஆகவே ஒரு பண்ணையாளரின் இலாபத்துக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் அவரினும் ஏழையான மற்றொருவர்.

‘பெரிய மீன் ஆற்றில் பெருகினால் பிடித்து விற்கலாமே’ என்றும் சிலர் சொல்வார்கள். விக்டோரியா ஏரியில் அது நடந்தது. 1950-களில் அங்கே விடப்பட்ட நைல் கொடுவா 1980-களில் பெருகியது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி வளர்ந்தது. அந்நியச் செலாவணியும் கிடைத்தது. அதே காலத்தில், உலகில் வேறெங்கும் இல்லாத சிறு மீனினங்கள் நூற்றுக்கணக்கில் அந்த ஏரியிலிருந்து மறைந்தன. கரையோர மக்கள் வெயிலில் உலர்த்தி உண்ட மீன்கள் அவை. ஆலைக்குச் சென்ற பெரிய மீனின் சதை கடல் கடந்தது. தலையும் எலும்பும் உள்ளூரில் தங்கின.

தடையும் நடைமுறையும்

சட்டம் இல்லாமலில்லை. 1997-இலேயே மைய வேளாண்மை அமைச்சகம் இம்மீனின் இருப்பை அழிக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மீண்டும் வலியுறுத்தியது. அதன்பின் பல மாநிலங்களில் நடவடிக்கை சூடு பிடித்தது. மகாராஷ்டிரத்தில் பல டன் மீன்கள் குழிதோண்டிப் புதைக்கப்பட்டன. தமிழக மாவட்ட ஆட்சியர்களும் எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறார்கள். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஆக்கிரமிப்பு அயல் இனங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை, பெருக்கம் ஆகியவற்றை முறைப்படுத்தவும் தடுக்கவும் மைய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆனால் அரசியலமைப்பின்படி உள்நாட்டு மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. குஞ்சு ஒரு மாநிலத்தில் பொரிக்கிறது, மற்றொன்றில் வளர்கிறது, மூன்றாவதில் விற்பனையாகிறது. ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லைக்குள் மட்டும் விழித்திருந்தால் போதாது.

நடைமுறையில் நடப்பது இதுதான். புகார் வருகிறது. வருவாய், காவல், மீன்வளத் துறையினர் ஒன்றாகச் செல்கிறார்கள். குளத்தை வற்றடித்து, மீனைப் புதைத்து, பிளீச்சிங் பவுடர் தூவிப் படம் எடுத்து அறிக்கை அனுப்புகிறார்கள். பண்ணையாளர் கடனோடு நிற்கிறார். சட்டவிரோத இருப்புக்கு இழப்பீடு இல்லை. கடனை அடைக்க அவர் அறிந்த விரைவான வழி மறுபடியும் அதே குஞ்சை வாங்கி விடுவதுதான். குஞ்சு வியாபாரிக்கோ ஒரு நட்டமும் இல்லை. சொல்லப்போனால் ஒரே ஆண்டில் இருமுறை விற்கிறார். ஆகவே குளத்தில் தொடங்கும் நடவடிக்கை பாதி நடவடிக்கையே. பிடிபட்ட குஞ்சு எந்தப் பொரிப்பகத்தில் பிறந்தது, எந்த வண்டியில் வந்தது, யார் பணம் பெற்றார் என்பதை அறிக்கையின் முதற்பக்கத்தில் எழுதப் பழகுங்கள். தாய்மீன் வைத்திருப்போர் குளம் வைத்திருப்போரைப்போல் ஆயிரக்கணக்கில் இல்லை.

மற்றொரு சங்கடத்தையும் மறைக்க விரும்பவில்லை. பங்கேசியஸ் மீனும் 1990-களில் இதே வங்காளதேச வழியாக அனுமதியின்றி வந்ததுதான். அது பரவியபின் மைய அரசு நிபந்தனைகளோடு அதை அனுமதித்தது. பண்ணையாளர் இதைக் கவனித்திருக்கிறார்: எல்லோரும் வளர்த்துவிட்டால் பிறகு அனுமதி வந்துவிடும் என்று எண்ணுகிறார். மாறாக, 2009-இல் வன்னமை இறால் வந்தபோது தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையிலுள்ள தொற்றொதுக்கக் கூடத்தில் சோதிக்கப்பட்ட பின்னரே பொரிப்பகங்களுக்குச் சென்றன. அயல் இனம் வேண்டுமென்றால் அதுவே வாயில். பின்வாசல் வழியாக வந்ததற்குப் பின்னர் மாலையிட்டு வரவேற்கும் வழக்கம் தொடரக் கூடாது.

ஏற்கனவே ஆற்றில் சேர்ந்துவிட்டவற்றை என்ன செய்வது? ஓடும் ஆற்றில் முற்றாக ஒழிப்பது நடவாத செயல். மூடிய நீர்நிலைகளில் வழி உண்டு. பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் இக்கெளுத்தி பெருகியபோது, வறட்சியில் நீர் சுருங்கி மீன்கள் எஞ்சிய மடுக்களில் குவிந்த நேரம் பார்த்து அங்குள்ளவர்கள் அவற்றைப் பிடித்து அகற்றினார்கள். ஒரே முறையில் முடிந்துவிடவில்லை. வெள்ளத்தோடு மீண்டும் வரக்கூடியது. ஆயினும் குறைந்த செலவில், நஞ்சிடாமல் செய்யக்கூடியது. தக்காணத்திலும் தமிழகத்திலும் பெரும்பாலான ஏரிகள் கோடையில் சுருங்குகின்றன. சித்திரை, வைகாசியில் மடுக்களில் வலையிட்டு, அயல் கெளுத்தியை மட்டும் பொறுக்கி எடுத்து, நாட்டு மீன்களைத் திரும்ப விடலாம். உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அதற்குக் கூலி கொடுத்தால், மழைக்கு முன் வேலை முடிந்துவிடும். நஞ்சிட்டு ஏரி முழுவதையும் கொல்வது எளிது. அதன்பின் வெற்று நீரில் முதலில் குடியேறுவது எந்த மீன் என்பதை அதன் இயல்பைக் கேட்ட நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இறுதியாக, மாற்று. ‘அதை வளர்க்காதே’ என்று சொல்லும் அலுவலரின் கையில் வேறு ஒரு குஞ்சு இருக்க வேண்டும். புவனேசுவரத்திலுள்ள மைய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் நாட்டு மாகுரின் குஞ்சு உற்பத்தி முறைகளை உருவாக்கியிருக்கிறது. தொல்லைகள் உண்டு: விந்து எடுக்க ஆண் மீனைப் பலியிட வேண்டியிருக்கிறது, முதல் இரு வாரங்களில் குஞ்சுகள் பெருமளவில் இறந்துவிடுகின்றன, வளர்ச்சியும் மெதுவே. ஆனால் சந்தையில் மெய்யான மாகுருக்குக் கிடைக்கும் விலையை நினைத்தால் இந்த முயற்சி வீணாகாது. தென் மாவட்டங்களுக்கு விரால் பொருந்தும். குஞ்சு கிடைக்காத மாவட்டத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டுப் பயனில்லை. இவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தில் உங்கள் மாவட்டப் பொரிப்பகத்துக்கு ஒரு தொட்டி கேட்டு எழுதுங்கள். அழிப்பு வேலைக்குக் கேட்கும் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்தே கேட்கலாம்.

அடுத்த அமர்வில் இரு இனங்களின் பதப்படுத்திய மாதிரிகளையும் மேசையில் வைப்பார்கள். ஆப்பிரிக்க மீனின் தலையில் இருபுறமும் நீளவாட்டில் கரிய கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். குஞ்சுகளில் அது புலப்படாமலும் போகலாம். ஐயம் எழுந்தால் மீனை அழிக்கும் முன் ஒன்றிரண்டை ஃபார்மலினில் இட்டு, இடமும் தேதியும் குறித்து, ஆய்வகத்துக்கு அனுப்பிவையுங்கள்.